அளக்காத வீடு

ஹல்
18 நவம்பர் 2018

அன்புள்ள கிளிஃப்,

உங்கள் விலாசம் பக்கத்து அறைத் தோமாஷிடமிருந்துதான் கிடைத்தது. பென்ஷன் கடிதம் வந்தால் அனுப்பச் சொல்லி அவனிடம் மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். கேட்டதற்கு, "உங்ககிட்ட தரக்கூடாதுன்னு கிளிஃப் சொல்லிட்டுப் போனாரு. நான் தரமாட்டேன். ஆனா இந்த மேஜை மேல வச்சுட்டு டீ போடப் போறேன், வர அஞ்சு நிமிஷமாகும்" என்றான். அவனைக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஃபோனில் இரண்டு வார்த்தை பேசினால் தீர்ந்துவிடும் விஷயம் இது. உங்கள் காதை நீங்கள் வேலை பார்த்த அந்த மீன் தொழிற்சாலை இயந்திரங்கள் தின்றுவிட்டதால் எழுத வேண்டியிருக்கிறது. எனக்கு எழுத்து அவ்வளவாக வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்குக் கவுன்சிலிலிருந்து வந்த ஜொசலின் பீவர்ஸ் உங்கள் அறையை அளந்தபோது நீங்கள் மாடிப்படிக்கு மேலே நின்று அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "இந்த ரூம்ல ஆள் தூங்கக் கூடாது, ரொம்பச் சின்னது" என்று அவர் சொன்னதைப் படித்துவிட்டீர்கள். அதற்கப்புறம் அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னதைப் பார்த்திருக்க மாட்டீர்கள். "அதுக்காக அவரை நாளைக்கே வெளிய அனுப்ப வேண்டாம். உங்களுக்கு ஒன்றரை வருஷம் டைம் தரமுடியும், அதுக்குள்ள வேற ஏற்பாடு பண்ணுங்க" என்றார். ஞாயிற்றுக்கிழமை சாவகாசமாக உட்கார்ந்து உங்களிடம் சொல்லலாம் என்று கேக் வாங்கிக்கொண்டு வந்தேன். வந்து பார்த்தால் அறை காலி. போர்வையை மடித்து, அதன் மேல் சாவியை வைத்துவிட்டுப் போயிருந்தீர்கள்.

சட்டத்தை நான் கொண்டுவரவில்லை, கிளிஃப். முன்பெல்லாம் அறை அறையாக வாடகைக்கு விட மூன்று மாடி வீடுகளுக்குத்தான் லைசென்ஸ் வேண்டும் என்றிருந்தது. போன மாதத்திலிருந்து, உறவில்லாத ஐந்து பேர் ஒரே சமையலறையில் சமைத்துச் சாப்பிடும் எந்த வீடாக இருந்தாலும் வேண்டும் என்று மாற்றிவிட்டார்கள். உங்களைத் துரத்திவிட்டு வேறு ஆளை வைக்க நான் போட்ட திட்டம் என்று கீழ் அறை ப்ரோனாவிடம் சொன்னீர்களாம். அந்த அறையில் இனிமேல் துடைப்பத்தைத்தான் வைக்க முடியும்.

உங்கள் சைக்கிள் கொல்லையில் நனைகிறது. அதை ஷெட்டுக்குள் தள்ளச் சொல்லியிருக்கிறேன். திரும்பி வாருங்கள். ஏதாவது வழி செய்வோம்.

மொய்ரா

*

பிரிட்லிங்டன்
27 நவம்பர் 2018

திருமதி ஸ்டேதர்ஸ் அவர்களுக்கு,

கடுதாசி கெடச்சுது. சைக்கிள தோமாஷே வச்சுக்கட்டும்.

எனக்கு ஒரு கொறையும் இல்ல. கடற்கரை ரோட்டுல முன்னாடி ஓட்டலா இருந்த கட்டடம். இப்ப ரூம் ரூமா விடறாங்க. எனக்கு மேல் மாடி. உங்க ரூம் மாதிரி மூணு மடங்கு இருக்கும். அந்தப் பீவர்ஸ் அம்மாவ வரச் சொல்லுங்க, குறுக்கயும் நெடுக்கயும் நடந்து பாக்கட்டும்.

ஒம்பது வருஷம் அந்த ரூம்ல இருந்தேன். கட்டில்ல படுத்தபடியே கைய நீட்டினா ஜன்னல், கால நீட்டினா கதவு. எனக்குப் பத்தாதுன்னு ஒரு நாளாவது உங்ககிட்ட சொல்லியிருக்கேனா? யாரோ ஒரு அம்மா வந்து செவப்பு வெளிச்சத்த செவுத்துல அடிச்சு அளந்து பாத்துட்டு, மனுஷன் இருக்க லாயக்கில்லன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. உள்ள இருந்த மனுஷன யாரும் ஒரு வார்த்த கேக்கல.

ஒன்றரை வருஷம்னு சொன்னாங்களாம். சரி. ஒன்றரை வருஷம் கழிச்சு போறதும் போறதுதான? அதுவரைக்கும் உங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டே நாள எண்ணிக்கிட்டிருக்கச் சொல்றீங்களா?

இங்க வீட்டுக்காரர் பேரு ராட்னி ஸ்கெல்டன். லைசென்ஸ் கிய்சென்ஸ் பேச்சே இல்ல. கைய குலுக்கினாரு, சாவியக் குடுத்தாரு. முடிஞ்சுது.

சி. கார்பட்

*

ஹல்
9 டிசம்பர் 2018

அன்புள்ள கிளிஃப்,

திருமதி ஸ்டேதர்ஸ் என்று நீங்கள் என்னைக் கூப்பிட்டு ஒன்பது வருடமாகிறது. வீடு பார்க்க வந்த முதல் நாள் கூப்பிட்டீர்கள். அதோடு சரி.

நீங்கள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. உங்களை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அளக்க ஆள் வரப்போகிறது என்றாவது முன்கூட்டியே சொல்லியிருக்கலாம்.

இங்கே வீடு தலைகீழாகக் கிடக்கிறது. எல்லா அறைக்கும் கனமான தீத்தடுப்புக் கதவு. தானாகவே மூடிக்கொள்ளும். தோமாஷ் டீயைக் கையில் வைத்துக்கொண்டு முதுகால் கதவைத் தள்ளி, தினமும் ஒரு சட்டையை நனைத்துக்கொள்கிறான். அவன் வேலை பார்க்கிற கேரவன் வண்டி ஃபேக்டரியில் எல்லோரும் அவனைத் தேநீர்ப் பை என்று கூப்பிடுகிறார்களாம். கதவு மாட்டுகிற தச்சரைத் திட்டினேன், கவுன்சிலைத் திட்டினேன். என் கணவர் கோர்டன் உயிரோடு இருந்திருந்தால் வீட்டையே விற்றுவிட்டுப் போயிருப்பார்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் அறையை அளந்து முடித்ததும் அந்த அம்மாள் என்னைக் கேட்டார். "இவருக்குக் காது கேக்காதுன்றீங்க. நெருப்பு பிடிச்சா எப்படி எழுந்திருப்பாரு?"

"தோமாஷ் கதவைத் தட்டுவான்" என்றேன்.

"தட்டினா கேக்குமா?"

"உள்ள போயி உலுக்குவான்."

"அவன் நைட் ஷிஃப்ட்ல இருந்தா?"

ஒன்பது வருடமாக அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. தலையணைக்கு அடியில் வைத்தால் அதிர்ந்து எழுப்புகிற அலாரம் இருக்கிறது என்று அவர்தான் சொன்னார். அன்றைக்கே ஆர்டர் செய்தேன். வந்தபோது நீங்கள் இல்லை.

நேற்று கேஸ் ஆள் வந்து பாய்லரைப் பார்த்தார். வருடாவருடம் பார்த்து சர்டிஃபிகேட் வாங்காமல் லைசென்ஸ் கிடையாது. மூடியைக் கழற்றி எனக்கே காட்டினார். "நீலமா எரியுது பாருங்க, அப்படித்தான் இருக்கணும். மஞ்சளா எரிஞ்சா உடனே நிறுத்திட்டு வெளிய ஓடிப்போயிடணும். விஷவாயு வரும். வாசனை இருக்காது. தூக்கம் தூக்கமா வரும், அவ்வளவுதான் தெரியும்."

உங்கள் புது வீட்டில் அலாரம் இருக்கிறதா? பின்பக்கம் இறங்க வழி இருக்கிறதா? கேட்டால் கோபம் வரும் என்று தெரியும். இருந்தாலும் கேட்கிறேன்.

மொய்ரா

*

பிரிட்லிங்டன்
16 டிசம்பர் 2018

மொய்ரா,

இன்ஸ்பெக்டர் வேலைக்கு மனு போட்டுட்டீங்களா?

சரி, சொல்றேன். அலாரம் ஒண்ணு இருக்கு. ரெண்டாவது மாடியில ஒயர்ல தொங்குது. பேட்டரிய யாரோ டிவி ரிமோட்டுக்குக் கழட்டிட்டுப் போயிட்டான். பின்கதவு இருக்கு, பூட்டும் இருக்கு. வாடகை தராம எவனும் பொட்டியத் தூக்கிட்டு ஓடிடக் கூடாதுன்னு ஸ்கெல்டன் போட்டது. போதுமா? சந்தோஷமா?

வீட்டுல எட்டுப் பேர் இருக்கோம். எனக்கு நேர் கீழ் ரூம்ல இலிங்கான்னு ஒரு ருமேனியாப் பொண்ணு, மீன் பேக்கிங் வேல. அவளுக்கு ஒரு மக, ஸ்மரண்டா, ஏழு வயசு. காது கேக்காதவன்னு தெரிஞ்சதும் அந்தக் குட்டி எனக்கு செலேட்டுல எழுதி எழுதிக் காட்டுது. எழுத்துப்பிழ என்னவிட மோசம். நேத்து "உங்க மூக்கு ஏன் பெருசு"ன்னு எழுதிச்சு. மூக்குன்றதுல ரெண்டு தப்பு. போன ஞாயித்துக்கெழம அதுங்களுக்கு ஹேடக் மீன் பொரிச்சுக் குடுத்தேன். ஹல்லுல சிப்ஸ் மேல தூவற செவப்புப் பொடி இங்க எந்தக் கடையிலயும் கெடையாது. முப்பது மைல்ல இருக்கற ஊர்ல அப்படி ஒண்ணு இருக்கறது இவங்களுக்குத் தெரியவே இல்ல.

குட்டிக்கு ஒடம்புதான் சரியில்ல. பள்ளிக்கூடம் விட்டு வந்தா தல வலிக்குதுன்னு படுத்துக்குது, எழுப்பினா வாந்தி. டாக்டர் குளிர் காய்ச்சல்னு அனுப்பிட்டாரு. அவ ரூம் அலமாரிக்குள்ளதான் பாய்லர் இருக்கு, அதனால சூடா இருக்கு, நல்லதாப் போச்சுன்னு இலிங்கா ஜன்னல் இடுக்கெல்லாம் துணிய அடைச்சு வச்சிருக்கா. எனக்கும் காலைல எழுந்தா மண்ட கனக்குது. துறைமுகம் வரைக்கும் ஒரு நடை நடந்தா சரியாயிடுது. வயசு. உங்க பாய்லர் நீலமா எரியுதுன்னு பீத்திக்கிட்டீங்களே, எங்களது மெழுகுவத்தி மாதிரி மஞ்சளா அழகா எரியுது. அலமாரிச் செவுரு பூரா கரி. ஸ்கெல்டன் வந்து தொடைப்பாராம்.

நீங்க மஞ்சள் நெருப்பப் பத்தி எழுதினதப் படிச்சதும் கொஞ்சம் யோசனயாத்தான் இருந்துச்சு. இலிங்காகிட்ட ஸ்கெல்டன்கிட்ட சொல்லச் சொன்னேன். "எல்லா பாய்லரும் அப்படித்தான், பழசு"ன்னாராம்.

ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன், மொய்ரா. கவுன்சிலுக்கு ஃபோன் கீன் போட்டுடாதீங்க. அவங்க வந்தா வீட்ட மூடுவாங்க. எட்டுப் பேரும் கிறிஸ்மஸுக்கு நடுத்தெருவுல நிப்போம். சட்டம் வந்தா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். நான் பாத்தவன்.

கிளிஃப்

*

ஹல்
21 டிசம்பர் 2018

அன்புள்ள கிளிஃப்,

ஆஸ்பத்திரியில் நான் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். உங்களிடம் பேச வேண்டுமானால் உங்கள் முகம் என்னைப் பார்த்தாக வேண்டும். அதனால் எழுதுகிறேன். நர்ஸிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் உங்கள் கடிதம் வந்தது. சமையலறையில் நின்றபடியே படித்தேன். மஞ்சள் என்ற இடம் வந்ததும் அடுப்பில் வைத்த சூப்பை அப்படியே விட்டுவிட்டு கேஸ் அவசர நம்பருக்கு அடித்தேன். அந்தப் பக்கம் இருந்த பையன் நிதானமாகக் கேட்டான். "நீங்க அந்த வீட்டுலயா இருக்கீங்க?"

"இல்லப்பா, நான் ஹல்லுல இருக்கேன்."

"அங்க யார் இருக்காங்க?"

"எட்டுப் பேர். ஒரு சின்னக் குழந்தை. ஒரு ஆளுக்குக் காது கேக்காது. ஜன்னலையெல்லாம் அடைச்சு வச்சிருக்காங்க."

அதற்கப்புறம் அவன் குரலில் அந்த நிதானம் இல்லை. "நாங்க கிளம்பிட்டோம்" என்றான். நானும் கிளம்பினேன். வழியில் பெவர்லி ஊரைத் தாண்டும் வரைக்கும் காலில் வீட்டுச் செருப்போடு ஓட்டிக்கொண்டிருக்கிறேன் என்பதே தெரியவில்லை.

நான் வந்து சேர்ந்தபோது வாசலில் ஆம்புலன்ஸ். உங்களைப் படிக்கட்டில் இரண்டு பக்கமும் பிடித்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். இலிங்கா மகளைத் தோளில் போட்டுக்கொண்டு நடைபாதையில் உட்கார்ந்திருந்தாள். குழந்தையின் கை தொங்கிக்கொண்டிருந்தது. கேஸ்காரர் அந்த அலமாரியை மூடிச் சீல் வைத்துவிட்டு வந்து என்னிடம் கேட்டார். "நீங்கதான் ஃபோன் பண்ணீங்களா?" ஆமாம் என்றேன். தொப்பியைக் கழற்றிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

கவுன்சிலுக்குச் சொல்ல வேண்டாம் என்று கேட்டிருந்தீர்கள். அன்றைக்குச் சொல்லவில்லை. மறுநாள் காலையில் சொல்லிவிட்டேன். பூட்டையும் சொன்னேன், தொங்குகிற அலாரத்தையும் சொன்னேன். உங்களுக்குத் தெரியாமல் செய்ததாக இருக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். கோபப்படுங்கள். எவ்வளவு வேண்டுமானாலும் படுங்கள். கோபப்பட நீங்கள் இருக்கிறீர்கள், எனக்கு அது போதும்.

எட்டுப் பேருக்கும் அந்த ஊர்க் கவுன்சில் ஒரு விடுதியில் இடம் போட்டிருக்கிறதாம். தெருவில் யாரும் நிற்கவில்லை.

உங்கள் கைப்பையில் அந்தத் தலையணை அலாரத்தை வைத்திருக்கிறேன்.

மொய்ரா

*

பிரிட்லிங்டன்
28 டிசம்பர் 2018

அன்புள்ள மொய்ரா,

நான் செவுத்துப் பக்கம் திரும்பினது கோவத்துல இல்ல. அழுகையா வந்துச்சு. அறுபத்திமூணு வயசுல வீட்டுக்காரம்மா முன்னாடி அழறதுக்கு என்னால ஆகல. அவ்வளவுதான்.

டாக்டர் ஒரு சின்னப் பொண்ணு. காகிதத்துல பெருசா எழுதிக் காட்டுச்சு: இன்னும் ரெண்டு மூணு ராத்திரி போயிருந்தா அந்தக் கொழந்த எழுந்திருச்சிருக்காது, நீங்களும் சந்தேகம்தான். அந்தக் காகிதத்த நான் மடிச்சு வச்சுக்கல. அப்பவே கிழிச்சுப் போட்டுட்டேன். இலிங்கா பாத்துடக் கூடாது.

ஸ்மரண்டா ரெண்டு நாள் ஆக்சிஜன் மாஸ்க்கோட இருந்துச்சு. மூணாம் நாள் மாஸ்க்க எடுத்ததும் செலேட்டு கேட்டிச்சாம். என்கிட்ட கொண்டுவந்து காட்டிச்சு: "எனக்குப் பசிக்குது". தப்பே இல்லாம எழுதியிருந்துச்சு. ஆஸ்பத்திரி கேண்டீன்ல இருந்த சிப்ஸ் முழுக்க வாங்கிக் குடுத்தேன், நர்ஸு என்னத் திட்டினாங்க. காது கேக்காதது அப்பப்ப நல்லது.

மொய்ரா, ஒண்ணு சொல்லணும். சுத்தி வளைக்கத் தெரியல. என் ரூம அளந்தப்போ என்னையே அளந்து பாத்துட்டு, நீ கொறச்சலா இருக்கன்னு சொன்ன மாதிரி இருந்துச்சு. அந்த அவமானத்துலதான் கெளம்பினேன். ஸ்கெல்டன் வீட்டுல யாரும் எதையும் அளக்கல. நம்மள நம்பி விட்டுட்டாங்கன்னு நெனச்சேன். அந்த மனுஷனுக்கு நாங்க இருந்தாலும் ஒண்ணுதான், செத்தாலும் ஒண்ணுதான். அதனாலதான் அளக்கலன்னு அந்தப் படிக்கட்டுல எறங்கறப்பதான் மண்டையில ஏறுச்சு. அந்தப் பீவர்ஸ் அம்மாவுக்கு என்ன முன்னப்பின்னத் தெரியாது. தெரியாத ஆளு, இவன் எப்படி எழுந்திருப்பான்னு கேட்டிருக்காங்க. அவங்கள நான் என்னென்னமோ சொல்லித் திட்டியிருக்கேன். என் நன்றிய அவங்ககிட்ட சொல்லிடுங்க. உங்களுக்கு நன்றின்னு எழுதலாம்னு ரெண்டு காகிதத்தக் கசக்கிப் போட்டாச்சு. எழுத வரல. நீங்களே புரிஞ்சுக்கங்க.

ஸ்கெல்டன் விடுதிக்கு வந்தாரு. சும்மா பழைய பாய்லர், மிகைப்படுத்தறாங்கன்னு கையெழுத்துப் போடச் சொன்னாரு, போட்டா வேற வீடு தர்றாராம். இலிங்கா பேசறத நான் உதட்டப் பாத்து முழுக்கப் படிச்சேன், எனக்கே பயமா இருந்துச்சு. "என் பொண்ணு தூங்கின ரூம்ல உங்க பொண்ண ஒரு ராத்திரி தூங்க வைங்க. காலைல வந்து கையெழுத்து வாங்கிக்கங்க"ன்னா. அந்த மனுஷன் தொப்பியக் கூட எடுக்க மறந்துட்டுப் போனாரு. குட்டியத் தவிர எல்லாரும் கவுன்சில்ல சாட்சி சொல்றதுன்னு முடிவு பண்ணிட்டோம். மொதல் ஆளு நான்.

எனக்காக எதுவும் கேக்கல. அந்தப் பொண்ணுக்கும் குட்டிக்கும் உங்க வீட்டுல ஒரு எடம் இருக்குமா? உங்க கீழ் முன்ரூம்ல கோர்டனோட சாமான்தான கெடக்குது.

கிளிஃப்

*

ஹல்
13 ஜனவரி 2019

அன்புள்ள கிளிஃப்,

லைசென்ஸ் வந்துவிட்டது. ஐந்து பேர், அதற்கு மேல் ஒரு தலை கூடாது என்று போட்டிருக்கிறது. ஜொசலினிடம் உங்கள் நன்றியைச் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "எங்களுக்கு யாரும் நன்றி சொல்றதில்ல, என்ன பதில் சொல்றதுன்னே தெரியல" என்றார்.

முன்னறையைக் காலி செய்துவிட்டேன். கோர்டன் போய் ஆறு வருடம். அவருடைய மீன்பிடிச் சாமான்கள், பழைய ரேடியோக்கள், ஒரு பாதிப் படகு. தோமாஷும் ப்ரோனாவும் இரண்டு நாள் தூக்கினார்கள். அழுவேன் என்று நினைத்தேன். அழவில்லை. அறை எவ்வளவு பெரியது என்பதையே மறந்து போயிருந்தேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த அறையை உங்களுக்காகத்தான் மனதில் வைத்திருந்தேன். ஓர் ஆள் டிசம்பரில் காலி செய்துவிட்டதால் அங்கே இப்போது மூன்று பேர்தான். நீங்கள் கேட்டபடி இலிங்காவுக்கும் மகளுக்கும் கொடுத்தால், குழந்தையையும் சேர்த்து ஐந்து தலை ஆகிவிடும். அப்புறம் உங்களுக்கு அங்கே இடம் இல்லை. இரண்டு நாள் இதையே நினைத்து வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி வந்தேன். மறுபடியும் சட்டத்தைக் காட்டி உங்களை வெளியே நிறுத்துவதா என்று இருந்தது.

அப்புறம்தான் தோன்றியது. வாடகைக்கு விட்ட வீடு வேறு, நான் குடியிருக்கிற வீடு வேறு; இங்கே நான் ஒருத்திதான். பின்பக்கம் ஓர் அறை சும்மா கிடக்கிறது. கொஞ்சம் தோட்டம் தெரியும். வீட்டுக்காரி கூடவே இருந்து ஒருவரையோ இருவரையோ வைத்துக்கொண்டால் இந்த லைசென்ஸ் எல்லாம் தேவையில்லை என்று ஜொசலின் சொன்னார். அலாரமும் கேஸ் பரிசோதனையும் எப்படியும் செய்துவிட்டேன், அந்த அம்மாள் என்னைக் கெடுத்துவிட்டார்.

வருகிறீர்களா? வேண்டுமானால் ரக்பி நாட்களில் மட்டும் பேசிக்கொள்ளாமல் இருப்போம். ஹல்லில் நீங்கள் கிழக்குப் பக்கத்து அணிக்குக் கத்துகிறவர், நான் மேற்குப் பக்கத்து அணிக்கு. அதைச் சரிசெய்ய எந்தச் சட்டமும் இல்லை.

இலிங்காவிடம் அறை தயார் என்று சொல்லுங்கள். குழந்தைக்கு ஹல்லில் பள்ளிக்கூடமும் விசாரித்துவிட்டேன்.

மொய்ரா

*

பிரிட்லிங்டன்
17 மார்ச் 2019

அன்புள்ள மொய்ரா,

பதில் எழுத ரெண்டு மாசம் ஆயிடுச்சு. என்ன சொல்றதுன்னு தெரியாம இருந்தேன். இப்பத் தெரிஞ்சிடுச்சு.

மொதல்ல வழக்கு. நான் சாட்சி சொன்னேன். பக்கத்துல கைச்சாடை பேசற ஒருத்தர உக்கார வச்சாங்க. எனக்குக் கைச்சாடை தெரியாதுன்னு அவருக்குத் தெரியாது, கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் பைத்தியக்காரங்க மாதிரி கைய ஆட்டிக்கிட்டிருந்தோம். அப்பறம் எழுதிக் காட்டினாங்க. ஸ்கெல்டனுக்கு அபராதம். இனிமே வாடகைக்கு விடவும் தடை. அந்த வீட்ட இப்பக் கவுன்சிலே எடுத்து நடத்துது. புது பாய்லர் போட்டாச்சு, பூட்ட ஒடச்சாச்சு. எட்டுல நாலு பேர் அங்கயே திரும்பப் போயிட்டாங்க. வீட்ட மூடிட்டு எங்களத் தெருவுல விடுவாங்கன்னு நான் உங்ககிட்ட சத்தியம் பண்ணாத கொறையா எழுதினேன். தப்பு.

ஹல்லுலேந்து இலிங்கா எழுதினா. குட்டிக்கு ஒரு நாள் கூடத் தல வலிக்கலயாம். தோமாஷ் அதுக்குப் போலிஷ் கெட்ட வார்த்த கத்துக் குடுக்கறானாம், பாத்துக்கங்க.

இப்ப என் விஷயம். உங்க பின்ரூம நெனச்சு நெனச்சு ரெண்டு மாசம் சந்தோஷப்பட்டேன். அப்படி ஒருத்தர் என்னக் கூப்பிட்டாங்கன்றதே எனக்குப் பெருசு. ஆனா வரல, மொய்ரா. வருத்தப்படாதீங்க. கவுன்சில்ல காது கேக்காதவன், வயசானவன்னு என் பேர மேல ஏத்தி, எனக்கு ஒரு ஃப்ளாட் குடுத்திருக்காங்க. துறைமுகத்துக்குப் பின்னாடித் தெரு. வாசல் பெல்ல அழுத்தினா உள்ள லைட்டு மின்னும். படுக்கைக்கு ஒரு ரூம், உக்கார ஒரு ரூம். என் வாழ்க்கையில மொத தடவ வாடகைச் சீட்டுல என் பேரு மட்டும் இருக்கு.

பதினாறு வயசுலேந்து நான் வேற ஆளு வீட்டுல ரூம் எடுத்தே இருந்தவன். யார் வந்தாலும் வாசல்ல நின்னே பேசி அனுப்புவேன். ஒம்பது வருஷம் வாராவாரம் நீங்க வந்தீங்க, கதவு நெலைய சாஞ்சுக்கிட்டுதான் நின்னீங்க. உள்ள வாங்கன்னு சொன்னா எங்க உக்கார வைக்கறது?

நேத்து பழைய சாமான் கடையில ரெண்டு நாற்காலி வாங்கினேன். ஒண்ணுதான் எனக்கு வேணும்.

வர ஞாயித்துக்கெழம ஹேடக் பொரிக்கறேன். வாங்க, மொய்ரா. உள்ள வந்து உக்காருங்க.

கிளிஃப்